கவுன்சிலைக் கலைத்துவிடலாமா?

கேள்வி: எங்கள் ஊர் நகர்மன்றக் கூட்டம் அரை மணி நேரம்கூட நடப்பதில்லை. பாதி நேரம் சண்டை, வெளிநடப்பு. மீதி நேரத்தில் அத்தனை தீர்மானமும் 'ஆல் பாஸ்'. பேசாமல் கவுன்சிலைக் கலைத்துவிட்டு அதிகாரிகளையே நடத்தச் சொன்னால் என்ன?
– ஒரு வாசகர், வேலூர் மாவட்டம்

பதில்: நடத்தினார்களே ஐயா, அதற்குள் மறந்துவிட்டதா? 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது, நகராட்சி, மாநகராட்சிகளில் அடுத்த கவுன்சிலர்கள் பதவியேற்றது 2022 மார்ச்சில்தான். இடைப்பட்ட ஐந்து வருஷத்துக்கும் மேல், கவுன்சிலுக்குப் பதில் அரசு நியமித்த 'தனி அலுவலர்கள்' ஆட்சி. வேலைக்குத் திட்டம் போடுவதும் அந்த அதிகாரிதான், மன்றத்தின் இடத்தில் இருந்து ஒப்புதல் தருவதும் அவரே. வேலூர் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது 2016 செப்டம்பர், அடுத்த மாதமே மாமன்றம் (மாநகராட்சி கவுன்சில்) இல்லை. கோடிக்கணக்கில் பணம் வந்த காலத்தில், எங்கள் தெருவை ஏன் தோண்டினீர்கள், எப்போது மூடுவீர்கள் என்று எழுந்து கேட்க 60 வார்டுக்கும் ஒரு உறுப்பினர் கிடையாது. அந்த நிலைமையைத்தான் நீங்கள் திரும்பக் கேட்கிறீர்கள்.

உங்கள் கோபம் நியாயமானது, அது போய்ச் சேரும் இடம்தான் தப்பு. கூட்டத்துக்கு முன்பே கவுன்சிலர் கைக்குப் பொருள் நிரல் (அஜெண்டா) வந்துவிடும். அதில் எந்தத் தெருவில் என்ன வேலை, மதிப்பீடு எவ்வளவு, எந்த நிதி என்று எல்லாம் இருக்கும். சில பொருள்களில் 'அவசர அவசியம் கருதி' வேலை முடிந்துவிட்டது, மன்றத்தின் 'பின்னேற்புக்கு', அதாவது வேலை முடிந்த பிறகு வாங்கும் ஒப்புதலுக்கு, வைக்கப்படுகிறது என்றும் இருக்கும், அந்த வரியைக் கண்டால் நின்று படியுங்கள், எது அவசரம், ஏன் முன்கூட்டியே வைக்கவில்லை என்று கேட்க வேண்டிய இடம் அதுதான். கூட்டம் முடிந்த மறுநாள் பேப்பரில் பார்த்துவிட்டுத் திட்டுவதால் ஒன்றும் ஆகாது.

2022-ல் வேலூரில் நடந்தது நினைவிருக்கும். நிறுத்தியிருந்த பைக்கைக்கூட நகர்த்தாமல் சக்கரத்தோடு சேர்த்து சிமெண்ட் ரோடு போட்டார்கள், சத்துவாச்சாரியில் அடிபம்பைப் பெயர்க்காமல் கால்வாய்க் கான்கிரீட்டுக்குள் வைத்துக் கட்டினார்கள். ஊரே பார்த்துக் கொதித்த பிறகுதான் சரிசெய்ய ஓடினார்கள். அந்தத் தெருவில் நாலு பேர் கையில் வேலை உத்தரவின் நகல் முன்கூட்டியே இருந்திருந்தால், கான்கிரீட் கொட்டும்போதே நிறுத்தியிருக்கலாம்.

சரி, என்ன செய்வது? கிராமசபை மாதிரி நகரத்துக்கும் பகுதி சபை என்று ஒன்று வந்திருக்கிறது, 2022 நவம்பர் 1-ல் முதன்முதலாகக் கூட்டினார்கள். உங்கள் வார்டில் கூட்டுகிறார்களா என்று கவுன்சிலரிடம் நேரில் கேளுங்கள், இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். அப்புறம், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு: கடைசி மூன்று கூட்டங்களின் பொருள் நிரல், தீர்மான நகல், பின்னேற்புக்கு வந்த பொருள்களின் கோப்பு. 30 நாளில் பதில் வர வேண்டும். கோப்பு மட்டுமல்ல, நடக்கிற வேலையையே நேரில் ஆய்வு செய்யவும், போடுகிற பொருளில் சான்றளித்த மாதிரி எடுக்கவும் அதே சட்டம் இடம் கொடுக்கிறது, பலருக்கு இது தெரியவே தெரியாது.

மனு போட்டுவிட்டு, வருகிற பதிலில் ஒரு நகல் எங்களுக்கும் அனுப்புங்கள். இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறோம்.