பண்டிகைக் கைவேலை: பிஞ்சு விரல்களுக்கு எதைக் கொடுப்பது, எப்போது கொடுப்பது?

விடுமுறைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போதே கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிக் கடிதங்களில் ஒரே ஒரு வரிதான்: "குழந்தைக்கு என்ன கைவேலை கொடுக்கலாம்?" குழந்தைக்கு என்ன வயது, எந்தக் கையை அதிகம் பயன்படுத்துகிறது, இப்போது எதுவரை செய்ய வருகிறது, எதுவும் எழுதவில்லை. இரண்டு வயது விரலும் ஐந்து வயது விரலும் ஒன்றல்ல. வயது எழுதாத கடிதங்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது, தயவுசெய்து மறுபடி எழுதுங்கள். மற்றவை கீழே.

கேள்வி: மகனுக்கு இரண்டரை வயது. அக்கா பாசிமணி கோத்துத் தோரணம் செய்வதைப் பார்த்துவிட்டு அவனும் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். கொடுக்கலாமா?

கோக்கட்டும், ஆனால் அக்காவின் மணிகள் வேண்டாம். பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் சின்ன உருளை ஒன்றை வைத்துப் பார்ப்பார்கள், அதன் வாய் அகலம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கிவிடும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் கையில் இருக்கக் கூடாது. வீட்டில் டாய்லெட் பேப்பர் சுற்றி வரும் அட்டைக்குழாய் இருந்தால் அதை வைத்துச் சோதியுங்கள். அது கொஞ்சம் பெரிதாக இருப்பதால் உங்களுக்குத்தான் பாதுகாப்பு. அதே குழாயை வளையம் வளையமாக வெட்டி வண்ணம் பூசினால் மணியும் தயார்.

நூலையும் இப்போதே கொடுக்காதீர்கள். நூல் துவளும், ஓட்டைக்குள் போன நுனி மறுபடி வெளியே வந்துவிடும், குழந்தைக்குக் கோபம் வரும். பஞ்சு சுற்றிய வளையும் கம்பி (பைப் கிளீனர் என்பார்கள்) நிமிர்ந்து நிற்கும். நுனி குத்தாமல் இரண்டு பக்கமும் மடக்கிவிட்டுக் கொடுங்கள். அது கைவந்த பிறகு ஷூ லேஸ், அதற்கப்புறம்தான் நூல். அக்காவின் டப்பா மூடியே இருக்க வேண்டும், அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும்போதும்.

கேள்வி: 11 மாதக் குழந்தைக்குப் பண்டிகை சார்ந்து ஏதாவது செய்ய முடியுமா?

கிழிக்க வண்ணக் காகிதம், டப்பாவிலிருந்து உருவி எடுக்க மெல்லிய துணிகள், இவை போதும். பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள், கிழித்தது வாய்க்குத்தான் போகும். நீள ரிப்பன் மட்டும் வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

கேள்வி: கத்தரிக்கோல் எந்த வயதில் கொடுப்பது? என் மகளுக்கு மூன்று முடிந்துவிட்டது, இன்னும் பயமாக இருக்கிறது.

இரண்டரை வயதிலேயே, முனை மழுங்கிய சிறு கத்தரிக்கோலை உங்கள் கண் முன்னால் கொடுத்திருக்கலாம். பரவாயில்லை, இப்போது ஆரம்பியுங்கள். தடித்த தாளை இரண்டு விரல் அகலப் பட்டையாக நீங்கள் வெட்டிக் கொடுங்கள், அவள் ஒரே 'சடக்'கில் துண்டு துண்டாக நறுக்கட்டும். விழும் துண்டுகளை ஒட்டினால் நட்சத்திரத்துக்கு நிறம் தந்துவிடலாம். மெல்லிய தாள் எளிது என்று நினைக்கிறார்கள், அது மடங்கிக்கொள்ளும், பழைய வாழ்த்து அட்டைதான் நல்லது.

மூன்று மூன்றரை வாக்கில் தாளின் குறுக்கே வெட்டிக்கொண்டு போக வரும். நான்கை ஒட்டி நேர்கோடு, அதன் பிறகு வட்டம், மூலை திரும்ப வேண்டிய சதுரம் ஐந்தை ஒட்டி. முன்னே பின்னே ஆகும், கவலைப்பட வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வெட்டும்போது இரண்டு கையின் கட்டை விரலும் மேலே பார்த்திருக்க வேண்டும். கட்டை விரல் மேல் நுனியில் சிரித்த முகம் ஒன்று வரைந்துவிட்டு, "அது உன்னைப் பார்க்கிறதா?" என்று கேட்டாலே பாதி சரியாகிவிடும். கால் தரையிலோ ஒரு பலகையிலோ ஊன்றியிருக்கட்டும். கால் தொங்கினால் உடம்பு ஆடும், உடம்பு ஆடினால் விரலுக்கு வேலை ஓடாது. இதை ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன், அடுத்த முறையும் எழுதுவேன்.

கேள்வி: நாலரை வயது மகள் இடது கைக்காரி. சாதாரணக் கத்தரிக்கோலிலேயே பழகிக்கொள்ளட்டும், தனியாக வாங்குவது வீண் என்கிறார் என் கணவர்.

வீண் இல்லை, வாங்குங்கள். சாதாரணக் கத்தரிக்கோலை இடது கையால் அழுத்தும்போது இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசாமல் விலகும். தாள் வெட்டுப்படாமல் நடுவில் மடங்கி மாட்டிக்கொள்ளும். மேல் அலகு கோட்டையும் மறைத்துவிடும். அவள் திறமைக்குறைவு என்று நினைத்தது பெரும்பாலும் கருவியின் குறைதான். "இரண்டு கைக்கும் பொருந்தும்" என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள், பல சமயம் பிடி மட்டும்தான் பொதுவாக இருக்கும், அலகு வலது கைக்கானதே. அலகும் மாறியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வட்டம் வெட்டும்போது அவள் கடிகாரம் சுற்றும் திசையில் போகட்டும், வலது கைக்காரர்களுக்கு எதிர்த்திசை. நீங்கள் வலது கைக்காரர் என்றால் பக்கத்தில் உட்காராமல் எதிரே உட்கார்ந்து செய்து காட்டுங்கள், கண்ணாடியில் பார்ப்பதுபோல் அவளுக்குப் புரியும்.

கேள்வி: நான்கு வயது மகள் காகித விளக்கு செய்தாள். வெட்டு எல்லாம் கோணல், இரண்டு இடத்தில் கிழிந்தும் விட்டது. வாசலில் மாட்டப்போகிறோமே என்று அவள் தூங்கிய பிறகு நான் கொஞ்சம் வெட்டிச் சரிசெய்துவிட்டேன். காலையில் பார்த்துவிட்டு ஒரே அழுகை. நல்லது செய்யத்தானே போனேன், என்ன தப்பு?

தப்புதான் அம்மா. நல்ல மனதோடு செய்தீர்கள் என்பது எனக்குப் புரிகிறது, ஆனாலும் தப்பு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதே வேலையைப் பண்டிகைதோறும் எத்தனையோ வீடுகளிலும் வகுப்பறைகளிலும் செய்கிறார்கள்.

காகித விளக்கில் ஒரு நான்கு வயதுக் குழந்தை செய்வது என்னவென்று கிட்டே உட்கார்ந்து பாருங்கள். தாளை இரண்டாக மடிக்கிறாள், ஓரமும் ஓரமும் சேரவில்லை, விரித்து மறுபடி மடிக்கிறாள், மடிப்பை விரல் நகத்தால் நீவுகிறாள். அப்புறம் மடிந்த பக்கத்திலிருந்து உள்ளே வெட்டிப்போக வேண்டும், எதிர் ஓரத்துக்கு ஒரு விரல் அகலம் முன்னால் நிற்க வேண்டும். கத்தரிக்கோலைத் திறந்து மூடுவதைவிட அதை நிறுத்துவதுதான் அந்த வயதில் கஷ்டம். நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்கும், மூச்சே நின்றதுபோல் இருக்கும். வெட்டும் கை முன்னேற முன்னேற, தாளைப் பிடித்த மற்றக் கையும் கூடவே நகர்ந்து வரும். எல்லோரும் வெட்டும் கையையே பார்ப்பார்கள், நான் தாள் பிடித்த கையைத்தான் பார்ப்பேன். இரண்டு கையும் வேறு வேறு வேலையை ஒரே நேரத்தில் செய்வது, அழுத்தத்தை அளந்து கொடுப்பது, கண் சொல்லும் இடத்தில் கை நிற்பது, இத்தனையும் அந்தக் கோணல் வெட்டில் இருக்கிறது. பின்னாளில் பொத்தான் போடவும் பென்சில் ஓட்டவும் இதே கைதான் வரப்போகிறது. நீங்கள் திருத்தியபோது விளக்கு நேரானது, அவள் செய்தது அழிந்துவிட்டது.

சில வருடங்களுக்கு முன் ஒரு மழலையர் வகுப்புக்குப் போயிருந்தேன். சுவர் முழுக்க இருபதுக்கும் மேல் நட்சத்திரங்கள், அச்சில் வார்த்ததுபோல் எல்லாம் ஒரே மாதிரி. வெட்டியது முழுக்க ஆசிரியை, பாவம், முந்தைய இரவு கண்விழித்திருக்கிறார். குழந்தைகளின் பங்கு, காட்டிய இடத்தில் ஒரு சொட்டுப் பசையும் ஒரு வட்டமும். பக்கத்தில் நின்ற பையனிடம் "இதில் உன்னுடையது எது?" என்று கேட்டேன். அவன் ஒவ்வொரு நட்சத்திரமாகத் திருப்பி, பின்னால் எழுதியிருந்த பெயரைத் தேடினான். தான் செய்ததைத் தனக்கே அடையாளம் தெரியவில்லை. அந்த ஆசிரியையைக் குறை சொல்லமாட்டேன், பெற்றோர் அழகாக எதிர்பார்க்கிறார்கள் என்றார், அது உண்மையும்கூட. அந்த எதிர்பார்ப்பை நாம்தான் நிறுத்த வேண்டும்.

உதவ ஆசையென்றால் வேலை தொடங்கும் முன் உதவுங்கள். வெட்டு நிற்க வேண்டிய இடத்தில் தடித்த கோடு போடுங்கள், அதன்மேல் ஒரு பட்டை டேப் ஒட்டினால் இன்னும் நல்லது, கத்தரிக்கோல் அங்கே போனதும் இறுகும், கைக்கே தெரிந்துவிடும். மெல்லிய தாளுக்குப் பதில் தடித்த தாள் கொடுங்கள். கிழிந்தால் அவளே டேப் ஒட்டட்டும். உங்களுக்கு நேர்த்தியான விளக்கு வேண்டுமா, பக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்கென்று ஒன்று செய்யுங்கள். இரண்டையும் வாசலில் மாட்டுங்கள், அவளுடையது முன்னால். இன்றே அவளிடம் "உன்னைக் கேட்காமல் வெட்டிவிட்டேன், தப்பு" என்று சொல்லிவிட்டுப் புதுத் தாளும் எடுத்துக் கொடுங்கள்.

கேள்வி: பட்டன் பேட்டரியில் எரியும் குட்டி விளக்குகளை வாழ்த்து அட்டையில் ஒட்டலாம் என்றிருக்கிறோம். குழந்தைகளுக்கு 2, 4 வயது. கவனமாக இருந்தால் போதும்தானே?

போதாது. விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவைப் பொசுக்கிவிடும். பேட்டரி தீர்ந்துவிட்டது, இனி ஒன்றும் ஆகாது என்பதும் தவறு, விளக்கு எரியாத பேட்டரியிலும் அந்த அளவுக்கு மின்சாரம் மிச்சம் இருக்கும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காதீர்கள், காத்திருக்காதீர்கள், நேராக எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்கு. இரண்டு வயதுக் குழந்தை உள்ள வீட்டில் அந்த விளக்கை இந்த வருடம் மறந்துவிடுங்கள்.

வேண்டாத பொருட்களில் இதோடு இன்னும் மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குட்டிக் காந்த உருண்டைகள்: இரண்டு உள்ளே போனால் குடல் சுவர்களை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண மணிகள்: அவை வயிற்றுக்குள்ளும் பெருக்கும். ஊதாத பலூன், உடைந்த பலூன் துண்டு: மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ளும். "பார்த்துக்கொள்வோம்" என்று எழுதுகிறவர்கள் அடுத்த அறையில் அடுப்பு எரிகிறதா என்று பார்க்கப் போகும் அரை நிமிடத்தை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: உப்பு மாவு அலங்காரம் செய்தோம் (இரண்டு பங்கு மாவு, ஒரு பங்கு உப்பு, ஒரு பங்கு தண்ணீர்). 20 மாதப் பையன் கொஞ்சம் தின்றுவிட்டான். வீட்டுப் பொருட்கள்தானே?

வீட்டுப் பொருள்தான், அளவு வீட்டு அளவு இல்லை. அந்த மாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடை உப்புதான். ஒன்று முதல் மூன்று வயதுவரை நாளுக்கு 2 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள், கோலிக்குண்டு அளவில் இரண்டு மூன்று உருண்டை போனாலே அது தாண்டிவிடும். நக்கினான் என்றால் தண்ணீர் கொடுத்துக் கவனியுங்கள். உருண்டையாகவே தின்றிருந்தால் உடனே மருத்துவரிடம் பேசுங்கள். வாந்தி, தாங்க முடியாத தாகம், சோர்வு தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு. நாய் வளர்ப்பவர்களும் அந்த அலங்காரத்தை எட்டாத இடத்தில் வையுங்கள். வாயில் வைக்கும் பழக்கம் போகும்வரை உப்பு மாவு வேண்டாம். பச்சை மாவிலும் கிருமி இருக்கலாம், உப்பைக் குறைத்துவிட்டால் தின்னலாம் என்று யாரும் அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: நான்கு வயது மகன் வாழ்த்து அட்டை எழுதும்போது க்ரேயானை நான்கு விரலால் பிடிக்கிறான். மூன்று விரலுக்கு மாற்ற வேண்டுமா?

வேண்டாம். விரல்கள் அசைகின்றன, கை வலிக்கவில்லை என்றால் நான்கு விரல் பிடியும் நல்ல பிடியே. முஷ்டியாகப் பிடித்தால்தான் வேலை இருக்கிறது, அதற்கும் அதட்டல் தேவையில்லை. க்ரேயானை 3 சென்டிமீட்டர் துண்டாக உடைத்துக் கொடுங்கள், முஷ்டிக்கு அங்கே இடமே இருக்காது. பெரிய தாளைச் சுவரில் ஒட்டி நின்றபடி வரையச் சொல்லுங்கள், மணிக்கட்டு தானாகப் பின்னுக்கு வளைந்து விரல் சரியான இடத்துக்கு வரும்.

கேள்வி: 14 மாதத்திலேயே எல்லாவற்றையும் வலது கையாலேயே எடுக்கிறான், இடது கையைப் பயன்படுத்துவதே இல்லை. கெட்டிக்காரன்தானே?

இதைக் கைவேலைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றரை வயதுக்கு முன் ஒரு கையை மட்டுமே பயன்படுத்தி மற்றதை ஒதுக்கினால் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்ட வேண்டும், அந்த இடது கை எப்போதும் மடங்கியே இருந்தால் இன்னும் சீக்கிரம். விடுமுறை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். முன்பு செய்ததைத் திடீரென்று செய்யாமல் போகும் எந்த வயதுக் குழந்தைக்கும் இதே பதில்தான்.

கேள்வி: ஜிகினாத்தூள்?

பசையில் கலந்தால் சரி. தூளாகத் தூவ வேண்டாம், கண்ணில் விழுந்து கசக்கினால் கருவிழியைக் கீறும்.

கேள்வி: ஐந்தரை வயதுப் பேரன் இரண்டு நிமிடம் உட்காரமாட்டான். எதைக் கொடுத்தாலும் "போர்" என்கிறான். ஒரு தாத்தா என்ன செய்ய?

அவனுக்குப் பயிற்சி வேண்டாம் ஐயா, வேலை கொடுங்கள். வீட்டுப் பரிசுகளைப் பொட்டலம் கட்டும் பொறுப்பு இந்த வருடம் அவனுடையது என்று சொல்லிவிடுங்கள். நின்றுகொண்டே செய்யட்டும், மேசை அவன் முழங்கை உயரத்தில் இருந்தால் போதும். டேப்பைச் சின்னச் சின்னதாக வெட்டி, ஒரு நுனி தொங்கும்படி மேசை ஓரத்தில் வரிசையாக ஒட்டி வையுங்கள். தொங்கும் நுனியைப் பிடுங்கக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளியே ஆக வேண்டும். ரிப்பனில் முதல் முடிச்சு அவன், பூப்போன்ற முடிச்சு நீங்கள். அது ஆறு வயதை ஒட்டித்தான் பலருக்கு வரும். நீங்கள் முடிச்சுப் போடும்போது அவன் விரலை நடுவில் வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம் போதும். மூலைகள் புடைத்துக்கொண்டு, டேப் ஏழெட்டு இடத்தில் அதிகப்படியாக இருக்கும், அப்படியே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள்.