சொந்த நிலம் இல்லாதவர்கள் தற்சார்பாக வாழ முடியுமா?

வாடகை வீடு, துண்டு நிலம்கூடக் கிடையாது, நாள் முழுக்க வேலை. இப்படி இருந்துகொண்டு தற்சார்பு வாழ்க்கை சாத்தியமா என்று கேட்டிருக்கிறீர்கள். "அதெல்லாம் தோட்டம் துரவு வைத்திருப்பவர்களுக்குத்தான்" என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்க வேண்டும். என்னிடமும் சொன்னார்கள். அதனால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

முடியும். ஆனால் எதை விளைவிக்கலாம் என்று யோசித்துத் தொடங்காதீர்கள். வீட்டிலிருந்து தினமும் எதை வெளியே எறிகிறோம் என்று பாருங்கள். நான் தொடங்கியது குப்பையில்.

மாடி வீட்டு பால்கனியில் இரண்டு பிளாஸ்டிக் வாளிகளில் ஓட்டை போட்டு, காய்கறிக் கழிவை மட்கவைக்க ஆரம்பித்தேன். வாளியைப் பார்த்ததுமே கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். நாறும், புழு வைக்கும் என்று ஒரே சத்தம். அவர் பயம் நியாயமானதுதான். ஆனால் நாற்றம் வருவது கழிவினால் அல்ல, ஈரம் மிகுந்து காற்றுப் புகாமல் போவதால். ஒரு பங்கு பச்சைக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை போட வேண்டும். காய்ந்த இலையில் மிகுந்திருக்கும் கார்பனும் பச்சைக் கழிவில் மிகுந்திருக்கும் நைட்ரஜனும் ஏறக்குறைய 30-க்கு 1 என்ற அளவில் இருந்தால் நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்யும். சமைத்த உணவு, எண்ணெய், இறைச்சி எதுவும் உள்ளே போகக் கூடாது. சில நாளுக்கு ஒரு முறை கிளறிவிட வேண்டும், அவ்வளவுதான். வாடை வரவில்லை, அவரும் அப்புறம் வரவில்லை.

பெரிய குவியல் என்றால் 55 டிகிரிக்கு மேல் சூடாகும், அதில் விதைகள் செத்துவிடும். வாளி அந்த அளவுக்குச் சூடாகாது. அதனால் உரத்தை எடுத்துத் தொட்டியில் போட்டதும் தக்காளி தானாகவே முளைத்தது! அங்கிருந்துதான் எனக்கு விதைப் பித்துப் பிடித்தது. கடைத் தக்காளி பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம். அதன் விதையில் வரும் செடி தாயைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. நாட்டு ரகம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் ரகம் எளிதில் கலக்காது. நன்றாகப் பழுத்த பழத்தின் விதையைச் சதையோடு தண்ணீரில் இரண்டு மூன்று நாள் புளிக்க விட்டால் மேலே உள்ள வழவழப்பு போய்விடும். கழுவி, நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாமல் மூடி வைத்தால் சில வருடங்களுக்குக் கெடாது. பூசணி, வெள்ளரியில் ரகம் இப்படிக் கலக்காமல் இருக்கும் என்று நம்ப முடியாது. பக்கத்தில் வேறு ரகம் இருந்தால் தேனீ கலந்துவிடும்.

"இரண்டு வாளியும் நாலு செடியும் தற்சார்பா?" என்று கேட்க ஆள் வரும் என்று தெரியும். எனக்கு வேண்டிய எல்லாவற்றையும் நானே விளைவிக்கிறேன் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. தானியம் வாங்குகிறேன், மருந்து வாங்குகிறேன். ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருந்த விவசாயியும் உப்புக்கும் இரும்புக்கும் வெளியாரைத்தான் நம்பியிருந்தார். நான் இப்படி வாழ்வதைக் கஞ்சத்தனம் என்று என் சொந்தக்காரர்களே சொல்லும்போதுதான் வலிக்கிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். என்னிடம் தூசி உறிஞ்சும் கருவி ஒன்று இருக்கிறது. மோட்டார் நன்றாக இருக்கிறது, பேட்டரி மட்டும் போய்விட்டது. அதை உள்ளே வைத்துப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். நிறுவனத்திடம் கேட்டால், பேட்டரி தனியாகத் தரமாட்டோம், புதுக் கருவி வாங்குங்கள் என்கிறார்கள். பழுது பார்க்கத் தெரிந்தவனையும் பார்க்கவிடாமல் செய்வது அநியாயம் இல்லையா? கையடக்கச் சாதனங்களில் பெரும்பாலானவற்றின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டிருக்கிறது. 2027 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வருகிறது. எல்லா நாட்டிலும் வர வேண்டும். இப்போதெல்லாம் எதை வாங்கினாலும் திருப்பிப் பார்த்து, திருகாணி இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குகிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பால்கனியில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று எழுதுங்கள். தக்காளிக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அதைவிடக் குறைவு என்றால் கீரையில் தொடங்கலாம்.