399 ரூபாய்க்கு விண்டோஸ் வாங்கலாமா?

கேள்வி: மகளின் கல்லூரிப் படிப்புக்காக எங்கள் ஊர்க் கடையில் அசெம்பிள் செய்த கணினி வாங்கினோம். விண்டோஸ் போட்டுத்தான் கொடுத்தார்கள். ஆறு மாதம் நன்றாக ஓடியது. இப்போது திரையின் வலது மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று வந்து நிற்கிறது. கடைக்காரரிடம் கேட்டால், "ஆன்லைன்ல 399 ரூபாய்க்கு கீ கிடைக்குது சார், வாங்கிப் போட்டுக்கோங்க" என்கிறார். அது ஒரிஜினல்தானா? (திருநெல்வேலி)

பதில்: ஆறு மாதம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே விஷயம் வெளிவந்துவிட்டது. நூற்றுக்கணக்கில் கணினி வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் மொத்த உரிமம் தருகிறது. அங்கே ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனி கீ (உரிமத்தைச் சரிபார்க்கும் 25 எழுத்துக் குறியீடு) போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். அலுவலகத்துக்குள் ஒரு சர்வர் இருக்கும். 180 நாளுக்குள் ஒருமுறையாவது அதனிடம் போய்த் தலையைக் காட்டினால்தான் கணினியின் ஆக்டிவேஷன் நீடிக்கும். இந்த சர்வரைப் போல நடிக்கும் நிரல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் கடைக்காரர் போட்டது அந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். அவற்றை ஓட்டுவதற்கு முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். உரிமம் இல்லை என்பதைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை. மகள் அதே கணினியில்தானே பேங்க் கணக்கையும் திறப்பார்?

நீங்களே சோதித்துக்கொள்ளலாம். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு (/) போட்டு, அதை ஒட்டி டி, எல், ஐ என்று அடித்து என்டரைத் தட்டுங்கள். சில விநாடியில் ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். அதில் ஓஇஎம், ரீடெய்ல், வால்யூம் என்ற மூன்றில் ஒன்று இருக்கும். ஓஇஎம் என்றால் கணினி தயாரிக்கும்போதே போட்ட உரிமம். அந்த மதர்போர்டோடு ஒட்டிப் பிறந்தது, அதோடு போய்விடும். ரீடெய்ல் என்றால் தனியாக வாங்கியது; பழைய கணினியிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். வீட்டுக் கணினியில் வால்யூம், அதாவது மொத்த உரிமம், என்று வந்தால் அது எங்கோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தது, உங்களுக்குக் கொடுத்தது அல்ல.

இனி அந்த 399 ரூபாய் கீ. பெரும்பாலும் அது மொத்த உரிமத்திலிருந்து சில்லறையாகக் கழற்றி விற்பதாக இருக்கும், அல்லது கழித்துப்போட்ட கணினிகளிலிருந்து எடுத்ததாக இருக்கும். போட்டதும் வேலை செய்யும், அதனால்தான் ஐந்து நட்சத்திரம் கொடுத்து எழுதுகிறார்கள். கீயை மைக்ரோசாஃப்ட் முடக்கும் நாளில் அந்த நட்சத்திரங்களை யாரும் திரும்பப் போய்க் குறைப்பதில்லை. விற்றவரும் அதற்குள் வேறு பெயரில் கடை போட்டிருப்பார். 25 எழுத்து எண் ஒன்று கைக்கு வந்துவிட்டதால் உரிமம் வந்துவிட்டதாக ஆகாது. வாங்க வேண்டாம் என்பதே என் பதில்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் கடை பில்லை எடுத்துப் பாருங்கள். விண்டோஸ் என்று தனி வரி போட்டுப் பணம் வாங்கியிருந்தால், அசல் உரிமத்தைக் கொடு என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அப்படி வரி இல்லையென்றால் கல்லூரியில் விசாரியுங்கள். பல கல்லூரிகள் மாணவர்களுக்கென்று மைக்ரோசாஃப்டோடு ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. படிப்புக்கு விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் தேவையில்லை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுவிடலாம், செலவு இல்லை. தேவைதான் என்றால் பல ஆயிரம் கொடுத்து ரீடெய்ல் வாங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. எந்த வழியில் போனாலும் அந்தக் கணினியை முழுதாக ஃபார்மட் செய்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கேள்வி: லேப்டாப் வாங்கியபோது 'லைஃப்டைம் ஆஃபீஸ்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. லேப்டாப் போய்விட்டது. அந்த ஆஃபீஸைப் புது லேப்டாப்பில் போட முடியாது என்கிறார்களே? (ஓசூர்)

பதில்: முடியாதுதான். ஸ்டிக்கரில் சொன்ன ஆயுள் லேப்டாப்பின் ஆயுள். கணினியோடு சேர்ந்து வரும் ஆஃபீஸ் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே. அந்த ஆயுளுக்கும் பாதியில் ஒரு கெடு இருக்கிறது: ஆஃபீஸ் 2019-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றது, ஆஃபீஸ் 2021-க்கு 2026 அக்டோபர் 13. அதற்குப் பிறகும் திறக்கும், எழுதலாம், ஆனால் ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் இல்லை. கடிதமும் வீட்டுக் கணக்கும்தான் உங்கள் தேவை என்றால் லிப்ரே ஆஃபீஸை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம், தமிழ் யூனிகோடு சிக்கலில்லாமல் வரும். மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) நிறைந்த எக்செல் ஷீட்டை அலுவலகத்திலிருந்து கொண்டுவந்து வேலை செய்பவர் என்றால் மட்டும் அது கைகொடுக்காது.

கேள்வி: 2016-இல் வாங்கிய லேப்டாப், விண்டோஸ் 10. "இனி அப்டேட் கிடையாது, புதுசு வாங்குங்க" என்கிறார்கள். மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. தூக்கிப் போட வேண்டுமா? (கும்பகோணம்)

பதில்: வேண்டாம். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது உண்மை. ஆனால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்துக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 30 டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். ஆனால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அதில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசு வேண்டாம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் பதிவு செய்யும் இணைப்பு இருக்கும்.

விண்டோஸ் 11 உங்கள் மெஷினில் முறைப்படி ஏறாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை ப்ராசசராவது வேண்டும். அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-இல்தான். இதில் எனக்குக் கோபம் உண்டு. விண்டோஸ் 10 வந்த 2015-இல், இதுதான் கடைசி விண்டோஸ் என்று மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவரே மேடையில் சொன்னார். நிறுவனமும் அவசரமாக மறுத்துவிடவில்லை. அதை நம்பி வாங்கியவர்களின் நல்ல கணினிகள்தான் இன்று பழைய இரும்பு என்று பெயர் வாங்குகின்றன.

அந்த அப்டேட் நீட்டிப்பு முடிவதற்குள் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தைப் போட்டு, லினக்ஸ் மின்டைப் பழகிப் பாருங்கள். பத்து வருட லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி கொடுக்கும் வேகம் புது விண்டோஸ் எதுவும் கொடுக்காது.

கேள்வி: பிரிண்டர் தானாக அப்டேட் ஆனதும் வெளிக் கம்பெனி கார்ட்ரிட்ஜை ஏற்க மாட்டேன் என்கிறது. நேற்றுவரை அதே கார்ட்ரிட்ஜில்தான் அடித்துக்கொண்டிருந்தோம். பிரிண்டர் என்னுடையதா, கம்பெனியுடையதா? (ஈரோடு)

பதில்: பிளாஸ்டிக்கும் மோட்டாரும் உங்களுடையவை. உள்ளே இருக்கும் மென்பொருளின் கடிவாளம் கம்பெனியிடம். இந்த வித்தை புதிதில்லை. 2016 செப்டம்பரில் எச்பி பிரிண்டர்கள் பல, வெளிக் கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென்று நிராகரித்தன. கூச்சல் எழுந்ததும், சரியாகச் சொல்லாமல் விட்டதற்கு எச்பி வருத்தம் தெரிவித்தது. தடையை நீக்கும் அப்டேட் ஒன்றையும் தந்தது. ஆனால் 'டைனமிக் செக்யூரிட்டி' என்ற பெயரில் அந்த ஏற்பாடு இன்னும் பல மாடல்களில் இருக்கிறது, பெட்டியிலேயே அச்சிட்டும் விடுகிறார்கள். கார்ட்ரிட்ஜின் முதுகில் செம்பு நிறத்தில் ஒரு சின்னத் தகடு தெரியும். அங்கே உள்ள சிப்பிடம்தான் பிரிண்டர், நீ யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்கிறது.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: பிரிண்டரின் மெனுவில் தானாக அப்டேட் ஆவதை நிறுத்துங்கள். வைஃபையில் இருந்தால் துண்டித்துவிட்டு யுஎஸ்பி கேபிளில் மட்டும் ஓட்டுங்கள். ஏற்கெனவே ஏறிவிட்ட அப்டேட்டைப் பின்னால் தள்ளுவது பெரும்பாலும் நடக்காது. கார்ட்ரிட்ஜ் விற்றவரிடம் புது சிப் உள்ளதை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். நல்ல வியாபாரி என்றால் மாற்றித் தருவார்.

அடுத்த பிரிண்டர் வாங்கும்போது இங்க் டேங்க் வகையாக, அதாவது கார்ட்ரிட்ஜுக்குப் பதில் தொட்டியில் மை ஊற்றும் வகையாகப் பாருங்கள். அந்த வகை வந்த கதையே சுவையானது. இந்தோனேசியாவில் கடைக்காரர்கள் எப்சன் பிரிண்டரின் பக்கத்தில் பாட்டில் கட்டி, ரப்பர் குழாய் இழுத்து, மலிவு மையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சண்டை போட்டுத் தோற்பதைவிட நாமே டேங்க் வைத்து விற்றுவிடலாம் என்று எப்சன் 2010-இல் அங்கேதான் முதலில் இறக்கியது. அடுத்து இந்தியாவுக்கும் வந்தது, பிறகு கேனன், எச்பி எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள். பிரிண்டர் விலை கூடுதல், மை விலை குறைவு. கம்பெனி லாபத்தை முதலிலேயே வாங்கிக்கொள்கிறது, அதனால் பிறகு உங்களைப் பிடித்துவைக்க அவசியம் குறைவு.

அதிலும் ஒரு முள் உண்டு. ஹெட் கிளீனிங் (மை தெளிக்கும் முனையைச் சுத்தம் செய்வது) நடக்கும்போது வழியும் மை அடியில் ஒரு பஞ்சுப் பட்டையில் ஊறும். அது நிரம்பிவிட்டதாக உள்ளே இருக்கும் கணக்கு சொன்னால் பிரிண்டர் இரண்டு விளக்கையும் மாறி மாறிச் சிமிட்டிவிட்டு நின்றுவிடும். பழுது என்று நினைத்து விற்றுவிடாதீர்கள். பட்டையை மாற்றி, கணக்கை ரீசெட் செய்தால் ஓடும். சில புது மாடல்களில் அதை நாமே கழற்றி மாற்றும் பெட்டியாக வைத்திருக்கிறார்கள். வாங்கும்போது அப்படி உள்ளதா என்று கேளுங்கள். மாதம் பத்துப் பக்கம்தான் அடிக்கிறீர்கள் என்றால் பிரிண்டரே வேண்டாம், தெருமுனை ஜெராக்ஸ் கடை போதும்.

கேள்வி: கிண்டிலில் நிறையத் தமிழ்ப் புத்தகங்கள் வாங்கியிருக்கிறேன். எனக்குப் பிறகு என் பேரப் பிள்ளைகளுக்குப் போகுமா? (காரைக்குடி)

பதில்: பாஸ்வேர்டை எழுதிவைத்துவிட்டுப் போகலாம், சட்டப்படி போகாது. நீங்கள் வாங்கியது படிக்கும் அனுமதி, அதைக் கைமாற்ற முடியாது என்று அமேசானின் விதிமுறை சொல்கிறது. 2009-இல் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று கண்டுபிடித்ததும், வாங்கியவர்களின் கிண்டிலுக்குள் கைவிட்டு அழித்தார்கள். பணத்தைத் திருப்பித் தந்தார்கள், ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக மாற்றும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் மட்டும் 2025 ஜனவரி முதல், இப்படி விற்கும்போது இது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லவேண்டும் எனச் சட்டம் இருக்கிறது.

பயணத்தில் படிக்கக் கிண்டில் அருமை, நானும் வைத்திருக்கிறேன். பேரன் கைக்குப் போக வேண்டிய புத்தகத்தைத் தாளில் வாங்குங்கள். சங்க இலக்கியம், பழைய நூல்கள் என்றால் மதுரைத் திட்டம் என்ற தன்னார்வ இணைய நூலகம் 1998 முதல் இலவசமாகத் தருகிறது. அந்தக் கோப்புகளை யாரும் வந்து அழிக்க முடியாது.

கேள்வி: ஆப்பிள் நேர்மையான கம்பெனியா, சாம்சங்கா? (சென்னை)

பதில்: அப்டேட் மூலம் பழைய போனை மெதுவாக்கினார்கள் என்று 2018 அக்டோபரில் இத்தாலி இருவருக்கும் ஒன்றாகவே அபராதம் போட்டது: ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோ, சாம்சங்குக்கு 50 லட்சம். கம்பெனிக்கு ரசிகராக இருப்பதால் நமக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. எத்தனை வருடம் அப்டேட் தருவதாக எழுத்தில் சொல்கிறார்கள், பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும், இந்த இரண்டையும் பாருங்கள். கூகுளின் பிக்சல் 8-க்கும் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு வருடம் என்று சொல்லியிருக்கிறார்கள். பட்ஜெட் போன் வாங்கினால் இதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். கடைப் பையன் கேமரா மெகாபிக்சலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பதில் அவருக்குத் தெரியாது என்று பொருள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய லேப்டாப், நாலே மாதத்தில் திரையில் கோடு விழுந்தது. சர்வீஸ் சென்டரில் "கீழே போட்டிருக்கீங்க, வாரண்டி கிடையாது, 14,000 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். நாங்கள் போடவே இல்லை. (நாமக்கல்)

பதில்: வாயால் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். எந்த இடத்தில் அடிபட்டிருக்கிறது, அதன் புகைப்படம் எங்கே என்று கேளுங்கள். வெளியில் கீறலோ நெளிவோ இல்லாதபோது இந்தக் கேள்விக்குப் பல சென்டர்களில் பதில் வராது.

அடுத்து, வாங்கிய தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மெயில் போடுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. கூடவே 1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிந்துவிடுங்கள். அது கோர்ட் இல்லை, உத்தரவு போட முடியாது, ஆனால் அங்கிருந்து கடிதம் போனாலே இறங்கிவரும் கம்பெனிகள் உண்டு.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் நாமக்கல்லிலேயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். ஐந்து லட்சம் ரூபாய்வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, அரசின் இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம்வரை அவகாசம் உண்டு. அதுவரை லேப்டாப்பை வேறு கடையில் கொடுத்துத் திறக்காதீர்கள். அவர்கள் தேடிக்கொண்டிருக்கும் சாட்சியை நீங்களே கொடுத்ததாகிவிடும். மறுபடி சர்வீஸ் சென்டரில் விட நேர்ந்தால், திரை எரியும் நிலையில் நாலு பக்கமும் வீடியோ எடுத்துவிட்டு, 'வெளியில் சேதம் இல்லை' என்று அவர்கள் தரும் ஜாப் ஷீட்டில் (பழுதுபார்க்கப் பெற்றுக்கொண்ட சீட்டு) எழுதி வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.