வெள்ளை விரிப்பு கிழிவது ஏன்? கோராத் துணியில் சாயம் திட்டாவது ஏன்?

கேள்வி: கொடைக்கானலில் விடுதி நடத்துகிறோம். வெள்ளைக் காட்டன் விரிப்புகளை ப்ளீச்சில் ஊறவைத்து, வாடை போகக் கடைசி அலசலில் வினிகர் ஊற்றுகிறோம். பளிச்சென்று இருந்தாலும் வருடம் திரும்புவதற்குள் கிழிந்துவிடுகின்றன. எங்கே தவறு?

பதில்: முதலில் வினிகரை நிறுத்துங்கள். ப்ளீச் மிச்சமுள்ள தண்ணீரில் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவடைத்த சலவை அறையில் அது ஆபத்து. துணிக்கும் கேடுதான். பருத்தி இழை பெரும்பாலும் செல்லுலோஸ், அதாவது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலிகள். ப்ளீச் கரைசலின் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7 நடுநிலை) 10, 11 என்று இருக்கும்வரை சேதம் குறைவு. 7-ஐ ஒட்டி இறங்கும்போதுதான் சங்கிலிகள் மிக வேகமாக அறுபடும். உங்கள் வினிகர் கரைசலை அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. வெண்மையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஓரத்தில் ஒரு நூலை உருவி இழுத்துப் பாருங்கள். நல்ல நூல் கொஞ்சம் இழுபட்டு, பிசிறு விட்டு அறும். நைந்த நூல் இழுபடாமலே சட்டென்று முறியும். இஸ்திரி போட்டதும் மஞ்சள் ஏறினால் அதுவும் பெரும்பாலும் இதே சேதம்தான்.

இனி இப்படி வெளுங்கள்: 10 லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு 20 கிராம் சலவை சோடா, 5 சதவீத ப்ளீச் 100 மில்லி. 15 நிமிடம் போதும். இரண்டு முறை அலசி, லிட்டருக்கு 2 கிராம் ஹைப்போ (மிச்சக் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட்) கரைத்த தண்ணீரில் 10 நிமிடம் வைத்து மறுபடி அலசுங்கள். மலையில் ஹைப்போவை விடவே கூடாது. மூட்டம் போட்ட நாட்களில் விரிப்பு காய்வதற்குள் மிச்சக் குளோரின் தன் வேலையைக் காட்டிவிடும். துருக்கறையோடு எதையும் ப்ளீச்சில் போடாதீர்கள். இரும்பு வினையை முடுக்கி, அந்த இடத்தில் மட்டும் ஓட்டை விழும்.

கேள்வி: உதகையில் கோராத் துணி (தறியிலிருந்து வந்தபடி, வெளுக்காத துணி) வாங்கி வீட்டிலேயே சாயம் போடுகிறேன். அரை மணி நேரம் வேகவைத்தும் சாயம் திட்டுத் திட்டாக நிற்கிறதே?

பதில்: இழையின் மேல்தோலில் மெழுகும் பெக்டின் என்ற பசைப்பொருளும் இருக்கின்றன, பாவு நூலில் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) கஞ்சி வேறு. இவை போகாமல் தண்ணீரே உள்ளே இறங்காது. உதகை உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் சமவெளிக் கணக்கு இங்கே செல்லாது. இரவு முழுக்க ஊறவைத்துக் கஞ்சியை அலசிவிடுங்கள். ஒரு கிலோ துணிக்கு 15 லிட்டர் தண்ணீர், 40 கிராம் சலவை சோடா, 10 கிராம் சோப்பு சேர்த்து, மூடி போட்டு ஒன்றரை மணி நேரம் வேகவிடுங்கள். துணி முழுக்க அமிழ்ந்திருக்க வேண்டும். அலசிக் காயவைத்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஐந்தாறு நொடிக்குள் உறிஞ்சினால் சாயம் போடலாம். உருண்டு நின்றால் மறுபடி வேகவையுங்கள், சாயத்தைக் கூட்டிப் பயனில்லை.