வீடு கட்டுவோர் கேள்வி–பதில்: கழிவுநீர்க் குழாயை எதைக் கொண்டு அடைத்துச் சோதிப்பது?

கேள்வி: நாங்கள் கட்டிவரும் மாடி வீட்டில், கழிவுநீர்க் குழாய்களைப் பூச்சு வேலைக்கு முன்பே நீர் நிரப்பிச் சோதிக்க விரும்புகிறோம். சாக்குத் துணியும் சிமென்ட்டும் வைத்து அடைத்தாலே போதும் என்கிறார் பிளம்பர். கடையிலோ, ரப்பர் வளையம் வைத்த டெஸ்ட் பிளக்குகள் பல அளவுகளில் இருக்கின்றன. எதை வாங்குவது?
– வாசகர், திருச்சி

பதில்: சாக்கும் சிமென்ட்டும் வேண்டாம். நீர்மட்டம் இறங்கினால், கசிவது இணைப்பா, அடைப்பா என்று சொல்ல முடியாமல் போகும். சோதனைக்குப் பின் அதைப் பெயர்த்தெடுக்கும்போது உடைந்த துண்டுகள் குழாய்க்குள் விழுந்து நிரந்தர அடைப்பாகவும் மாறக்கூடும்.

டெஸ்ட் பிளக்கில் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு ரப்பர் வளையம் இருக்கும். விங் நட்டை (கையால் திருகும் இறக்கை வடிவ நட்டை) முறுக்கினால் தகடுகள் நெருங்க, ரப்பர் பக்கவாட்டில் பிதுங்கிக் குழாயின் உட்சுவரைப் பற்றிக்கொள்ளும். ஆகவே பார்க்க வேண்டியது உள்விட்டம். 'நான்கு அங்குலம்' என்று கடைகளில் விற்கப்படும் எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவுநீர், மழைநீருக்கான பி.வி.சி.) குழாயின் வெளிவிட்டம் 110 மி.மீ. ஐ.எஸ். 13592 என்ற இந்தியத் தரத்தின்படி, கழிவுநீருக்கான பி வகையில் சுவர்த் தடிமன் குறைந்தது 3.2 மி.மீ. என்பதால் உள்விட்டம் ஏறத்தாழ 103 மி.மீ.; மழைநீருக்கான ஏ வகையின் சுவர் மெல்லியது என்பதால் அது 105 மி.மீ. வரை வரும். உங்கள் குழாயை அளந்து, பிளக்கில் குறித்துள்ள விரிவெல்லைக்குள் அந்த அளவு நன்றாக நடுவில் அமைகிறதா என்று பாருங்கள். எல்லையின் கடைசி மில்லிமீட்டர் வரை விரிந்த ரப்பர் வலுவாகப் பற்றாது. மெல்லிய குழாயில் அளவுக்கு மீறி முறுக்கினால் குழாயே விரிசல் விடலாம்.

அடுத்தது, பிளக் தாங்க வேண்டிய விசை. இதைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. பிளக்குக்கு மேல் 3 மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், அதன் மீது ஏறத்தாழ 25 கிலோ எடைக்கு நிகரான தள்ளுவிசை விழும்; 9 மீட்டர் என்றால் 75 கிலோ. குழாய் படுக்கையாக எத்தனை தூரம் ஓடினாலும் இது மாறாது, செங்குத்து உயரமே கணக்கு. எனவே, பிளக்கில் குறித்துள்ள அழுத்த வரம்பைப் பார்த்து, ஒவ்வொரு மாடியாகப் பிரித்துச் சோதியுங்கள். வெளியே முட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது. நடுத்தண்டு துளையுள்ளதாக இருக்கும் பிளக்கையே வாங்குங்கள், சற்று விலை கூடினாலும். சோதனை முடிந்ததும் அந்தத் துளை வழியாக நீரை முழுவதும் வடித்த பிறகே நட்டைத் தளர்த்த வேண்டும். அப்போதும் யாரும் குழாய் வாய்க்கு நேரெதிரே நிற்கக் கூடாது.

உட்சுவரில் ஒட்டியிருக்கும் மணலைத் துடைத்து, சாக்கெட்டிலோ வளைவிலோ அல்லாமல் நேரான பகுதியில் பிளக்கைப் பொருத்துங்கள். வீட்டு வேலைக்குச் சாதாரண இயற்கை ரப்பர் போதும். எண்ணெய் கலந்த நீர் வரும் பட்டறைக் குழாய்களுக்கு மட்டும் நைட்ரைல் ரப்பர் தேவை. குடிநீர்க் குழாயின் சோதனை அழுத்தம் பல மடங்கு அதிகம் என்பதால், அங்கே இதைப் பயன்படுத்தாமல் மரையுள்ள எண்ட் பிளக்கைப் பொருத்துங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் தண்ணீர்த் தட்டுப்பாடு. கம்ப்ரசரால் காற்றை அடைத்துச் சோதிக்கலாமா?
– வாசகி, இராமநாதபுரம்

பதில்: பி.வி.சி. குழாயில் கூடவே கூடாது. நீர் அநேகமாகச் சுருங்குவதில்லை. பிளக் நழுவினால் அழுத்தம் உடனே இறங்கிவிடும். சுருங்கி அடைபட்டிருக்கும் காற்றோ ஒரே கணத்தில் விரிந்து, பிளக்கையும் உடைந்த குழாய்ச் சில்லுகளையும் வீசியெறியும். மேலும், 110 மி.மீ. குழாயில் 3 மீட்டர் நிரப்ப ஏறத்தாழ 25 லிட்டர் நீரே தேவை. பிளக்கின் நடுத்தண்டுத் துளையில் ஒரு ஹோஸைச் செருகி, வடியும் நீரை டிரம்மில் பிடித்து, அடுத்த பகுதியைச் சோதிக்கவோ கான்கிரீட்டை நனைக்கவோ பயன்படுத்திக்கொள்ளலாம்.