எஃப் வராத கிட்டார்

அன்புள்ள சேர்,

போகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வயது 34. கொழும்பில் வேலையை விட்டு வந்த தம்பி கொண்டுவந்த கிட்டார் அலுமாரிக்கு மேல் சும்மா கிடந்தது. நான்கு மாதமாக யூடியூப் பார்த்துப் பழகுகிறேன். சி, டி, ஜி, ஏ மைனர், ஈ மைனர் என்ற ஐந்து கோர்டையும் (சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் விரல் பிடி) தனித்தனியாகப் பிடித்துவிடுவேன். பாட்டுக்குள் இறங்கினால், ஒன்றை விட்டு அடுத்ததைப் பிடிப்பதற்குள் பாட்டு போய்விடுகிறது. எஃப் அறவே வரவில்லை. எவ்வளவு அழுத்தினாலும் டொக் டொக் என்றுதான் கேட்கிறது. என் விரல்கள் கட்டை. எங்கள் சங்கீத டீச்சர், "நம்முடைய பாட்டுக்கு இந்தக் கோர்ட் எல்லாம் ஒத்துவராது" என்கிறார். ஹட்டனில் வகுப்பில் சேரலாமா, இல்லை விட்டுவிடலாமா?

இப்படிக்கு,
ஒரு டீச்சர்

அன்புள்ள டீச்சர்,

விரலைக் குறை சொல்வதற்கு முன் கிட்டாரைச் சந்தேகப்படுங்கள். எஃப் பிடிக்கும் கையை அப்படியே ஐந்தாவது ஃபிரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் ஃபிரெட்) நகர்த்திப் பாருங்கள். அங்கே அது ஏ மேஜர். அங்கே ஓரளவு சுத்தமாகக் கேட்டு, முதல் ஃபிரெட்டில் மட்டும் டொக் என்றால், பெரும்பாலும் குற்றவாளி நட்தான். கழுத்தின் தலைப்பில் கம்பிகள் உட்காரும் சின்னக் கட்டை அது. அதன் பள்ளங்கள் ஆழம் போதாவிட்டால் முதல் ஃபிரெட்டில் கம்பி உயரமாக நிற்கும். நிச்சயப்படுத்த இன்னொன்று செய்யலாம். மூன்றாவது ஃபிரெட்டில் ஒரு கம்பியை அழுத்திக்கொண்டு, முதல் ஃபிரெட்டுக்கும் அந்தக் கம்பிக்கும் நடுவில் பாருங்கள். மயிரிழை இடைவெளி போதும். விசிட்டிங் கார்ட் தாராளமாக நுழைந்தால் நட்டை அராவ வேண்டும். கத்தியை எடுத்துக்கொண்டு நீங்களே இறங்கிவிடாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள். அதுவரை முதல் ஃபிரெட்டில் ஒரு கேப்போவை (எல்லாக் கம்பிகளையும் ஒன்றாக அழுத்தும் கவ்வி) மாட்டினால் நட்டின் வேலையை அது பார்த்துக்கொள்ளும். சுருதி அரைப்படி ஏறும், பாடுவதற்கு அதனால் நட்டமில்லை.

இரண்டு இடத்திலும் கஷ்டம் என்றால் பன்னிரண்டாவது ஃபிரெட்டைப் பாருங்கள். தடித்த கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே இரண்டரை மில்லிமீட்டர் அளவு இருந்தால் பழகலாம். நான்கைத் தாண்டினால் பழகியவர்களுக்கே கை வலிக்கும். கழுத்து வளைந்திருக்கலாம், அல்லது ஈரத்தில் மரம் ஊதி வயிற்றுப் பலகை மேலெழும்பியிருக்கலாம். நம் பக்கத்து மழையில் வாரக்கணக்காக உடுப்பே காயாது, மரம் மட்டும் சும்மா இருக்குமா? அதற்காக அடுப்படிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், காய்ந்து வெடிக்கும். வெளிச்சுவரில் சாய்க்காமல் உள்சுவர்ப் பக்கம் உறைக்குள் வையுங்கள். கம்பிகள் தம்பி காலத்தவை என்றால் இந்நேரம் துருப்பிடித்திருக்கும். மாற்றும்போது மெல்லிசான செட்டாகக் கேளுங்கள். முதல் கம்பி, அதாவது எல்லாவற்றிலும் மெல்லியது, 0.010 அங்குலம் உள்ளது போதும். எண்ணிக்கை அங்கிருந்துதான், ஆறாவது எல்லாவற்றிலும் தடித்தது. ஆனால் இப்போது இருப்பது நைலோன் கம்பி என்றால் உருக்குக் கம்பி போடவே கூடாது. அந்த இழுவைக்குச் செய்த பெட்டியல்ல அது.

சரி, பாட்டு ஏன் போய்விடுகிறது? நீங்கள் கோர்ட்களைப் பழகியிருக்கிறீர்கள், நடுவில் உள்ள வழியைப் பழகவில்லை. பெரும்பாலான வீடியோக்கள் செய்கிற அநியாயம் இது. ஒரு கோர்டைக் காட்டி, கையை முழுதாக எடுத்துவிட்டு அடுத்ததைக் காட்டுவார்கள். ஏ மைனரையும் சியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏ மைனரில் ஏ, சி, ஈ என்று மூன்று சுரங்கள். சியில் சி, ஈ, ஜி. இரண்டு சுரம் பொது. அதனால்தான் இரண்டாம் கம்பியில் இருக்கும் ஆள்காட்டி விரலும் நான்காம் கம்பியில் இருக்கும் நடுவிரலும் இரண்டு கோர்டிலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மோதிர விரல் மட்டும் மூன்றாம் கம்பியின் இரண்டாவது ஃபிரெட்டிலிருந்து ஐந்தாம் கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டுக்குத் தாவ வேண்டும். ஒரு விரல் வேலை. நீங்கள் மூன்றையும் தூக்கி மூன்றையும் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு வாரத்துக்கு இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்யுங்கள். ஈ மைனரிலிருந்து ஜிக்குப் போகும்போதும் ஐந்தாம் கம்பியில் நடுவிரலை விட்டுவைக்கலாம். அதற்கு ஜியை மோதிர விரலும் சுண்டு விரலும் சேர்த்துப் பிடிக்கப் பழக வேண்டும். முதலில் சுண்டு விரல் முரண்டு பிடிக்கும்.

இதைவிட முக்கியம் வலது கை. இடது கை போய்ச் சேரும்வரை வலது கை காத்திருக்கக் கூடாது. கோர்ட் அரைகுறையாக இருந்தாலும், வெறும் கம்பிதான் ஒலித்தாலும், தாளம் நிற்கக் கூடாது. கேட்கிறவருக்குப் பிழையான சுரம் ஒரு கணத்தில் மறந்துவிடும், அறுந்த தாளம் மறக்காது. இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது. வீடியோக்காரர்கள் நான்கு நான்காக எண்ணச் சொல்வார்கள். நீங்கள் மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ரத்தில் ஆரம்பியுங்கள், தகிட தகிட. 'த'வுக்குக் கட்டைவிரலால் ஒரு தடித்த கம்பி, 'கிட'வுக்கு இரண்டு தடவை கீழ்நோக்கி வருடல். பைலா ஓடுவதும் இந்த நடையில்தான். பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் அதைக் கேட்டே வளர்ந்த காதுக்கு யாரும் எண்ணிக் காட்டத் தேவையில்லை.

உங்கள் சங்கீத டீச்சர் சொன்னதில் பாதி உண்மை. தோடி மாதிரி கமகத்திலேயே, அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவதிலேயே, உயிர் இருக்கிற ராகத்தின் அடியில் கோர்டை வைத்தால் இரண்டும் சண்டை பிடிக்கும். ஆனால் சி கோர்ட் என்பது சியை ஷட்ஜமாக, அதாவது ஆதார சுரமான 'ச'வாக, வைத்தால் ச, க, ப, அவ்வளவுதான். மேற்கத்திய மேஜர் ஸ்கேலின் (சுர வரிசையின்) சுரங்கள் சங்கராபரண ராகத்தின் சுரங்கள், இயல்பான மைனர் ஸ்கேலின் சுரங்கள் நடபைரவி ராகத்தின் சுரங்கள். மெல்லிசையும் சினிமாப் பாட்டும் இந்த இரண்டு வீட்டுக்கும் தாராளமாக வந்துபோகின்றன. இளையராஜாவே கிட்டார் வாசித்து வந்தவர்தானே. அந்த டீச்சரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் பாட, நீங்கள் ஏ மைனரும் சியும் போட்டுப் பாருங்கள். எங்கே ஒட்டவில்லை என்பதை அவருடைய காது உங்களுக்கு முன்பே பிடித்துவிடும்.

எஃப் இப்போதைக்கு வேண்டாம், அதற்குப் பதில் இதைப் பிடியுங்கள். நான்காம் கம்பி மூன்றாவது ஃபிரெட், மூன்றாம் கம்பி இரண்டாவது, இரண்டாம் கம்பி முதலாவது, முதல் கம்பி திறந்தபடி. தடித்த இரண்டு கம்பிகளையும் தட்டாதீர்கள். அதன் பேர் எஃப் மேஜர் செவன். பல பாட்டுகளில் எஃப் வரும் இடத்தில் இதைப் போடலாம், சில இடங்களில் இதுவே அழகு. விரல் எரிவது சில வாரத்தில் தானாகக் குறையும். உடுப்புத் துவைத்த கையோடு உட்காராதீர்கள், ஊறிய தோல் சீக்கிரம் வெட்டுப்படும். காலைக் குளிரில் பழகுவதானால் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்து விரலைச் சூடாக்கிவிட்டு ஆரம்பியுங்கள். தினம் கால்மணி நேரம் போதும்.

ஹட்டன் வகுப்புக்குப் போகலாம். வாரா வாரம் பஸ் ஏறத் தேவையில்லை, மாதம் ஒருமுறை யாராவது உங்கள் கையைப் பார்த்தால் போதும். முதல் நாளே கிட்டாரை வாங்கி நட்டையும் கம்பி உயரத்தையும் பார்க்கிற ஆளாக இருந்தால் சேர்ந்துவிடுங்கள். கொப்பியை விரித்து இருபது கோர்ட் எழுதித் தந்தால், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.