நல்ல கண்ணை எதற்கு மூட வேண்டும்?

கேள்வி: என் மகளுக்கு 5 வயது. இடது கண்ணில் மட்டும் பவர் அதிகம், சோம்பேறிக் கண் என்று சொல்லிக் கண்ணாடி கொடுத்தார்கள். நாலு மாதம் விடாமல் போட்டும் பார்வை பாதிதான் தேறியிருக்கிறது. இப்போது நன்றாகத் தெரிகிற வலது கண்ணைத் தினமும் 2 மணி நேரம் பேட்ச் ஒட்டி மூடச் சொல்கிறார்கள். ஒட்டினாலே அழுகிறாள், பிய்த்துப் போடுகிறாள். நல்ல கண்ணும் கெட்டுப்போகாதா? கொஞ்சம் வளர்ந்த பிறகு செய்யக் கூடாதா?

பதில்: தள்ளிப் போடாதீர்கள். இடது கண்ணிலிருந்து இத்தனை நாளும் மங்கலாகவே தெரிந்ததால், மூளை அதை ஒதுக்கிவிட்டு வலது கண்ணை மட்டும் நம்பப் பழகிவிட்டது. கண்ணாடி போட்டதும் காட்சி தெளிவாகிவிடும், ஆனால் மூளை அதை ஏற்றுக்கொள்ள வேண்டுமே. இந்த வகையில் ஏறக்குறைய நாலில் ஒரு பிள்ளைக்குக் கண்ணாடியே போதுமானதாகிவிடுகிறது, அதைப் பார்க்கத்தான் சில மாதம் விட்டிருப்பார்கள். மற்றவர்களுக்கு நல்ல கண்ணைக் கொஞ்ச நேரம் மூடினால்தான் மூளை இன்னொன்றின் பக்கம் திரும்பும்.

2 மணி நேரம் போதுமா என்ற சந்தேகமும் வரும். போதும். நடுத்தர அளவு பார்வைக் குறைவு உள்ள 3 முதல் 7 வயதுக்குள்ளான பிள்ளைகளுக்கு 2 மணி நேரம் ஒட்டினாலும் 6 மணி நேரம் ஒட்டினாலும் நாலு மாதத்தில் ஒரே அளவு பலன்தான் என்று 2003-ல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது.

அழுகையைப் பற்றிச் சொல்கிறேன். அதை அடம் என்று நினைத்துவிடாதீர்கள், பேட்ச் ஒட்டியதும் அவளுக்கு உண்மையிலேயே சரியாகத் தெரியாது, பயமாக இருக்கும். அதனால் முதல் சில நாள் பக்கத்திலேயே உட்காருங்கள், படிக்கட்டுப் பக்கம் விடாதீர்கள், பெரிய படங்களுக்கு வண்ணம் தீட்டுவது மாதிரி அவளுக்குப் பிடித்த வேலையை அந்த நேரத்துக்கென்றே எடுத்து வையுங்கள். பேட்ச் தோலில் ஒட்ட வேண்டும், அதற்கு மேல்தான் கண்ணாடி. கண்ணாடியின் மேல் துணியைச் சுற்றிவிட்டால் மூக்குப் பக்கம் உள்ள சந்து வழியாகத் தலையைச் சாய்த்துப் பார்த்துவிடுவார்கள், பிள்ளைகளுக்கு அது ஒரே நாளில் பிடிபட்டுவிடும்! தோல் சிவந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு பேட்ச் தருவார். எவ்வளவு முயன்றும் முடியவில்லை என்றால் நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு மருந்து விட்டு அதன் பார்வையைத் தற்காலிகமாக மங்கலாக்கும் வழியும் உண்டு, பலனும் கிட்டத்தட்ட சமம்தான், வெளிச்சத்தில் கண் கூசும். ஆனால் அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நல்ல கண் கெட்டுப்போகுமா என்றால், 2 மணி நேரத்தில் அந்த ஆபத்து மிகக் குறைவு. அளவுக்கு மீறி மூடினால் அதன் பார்வை குறையலாம், பெரும்பாலும் திரும்பிவிடும். சீக்கிரம் குணமாகட்டும் என்று நீங்களாக நேரத்தைக் கூட்டாதீர்கள், பரிசோதனைக்கு வரச் சொன்ன தேதியைத் தவறவிடாதீர்கள்.

வயது? 7-க்குள் செய்தால் பலன் அதிகம். 12 வயது வரை உள்ளவர்களிடமும் முன்னேற்றம் தெரிந்திருக்கிறது, அதற்காக இப்போது கையில் இருக்கிற காலத்தை விடுவானேன்?

பார்வை தேறி பேட்சை நிறுத்திய பிறகும் கண்ணாடி தொடர வேண்டும். நிறுத்திய முதல் வருடத்திலேயே சுமார் நாலில் ஒருவருக்குப் பார்வை மறுபடி குறைகிறது, அதனால் அப்போதும் போய்க் காட்டுங்கள். அப்புறம், இவளுக்குத் தம்பியோ தங்கையோ இருந்தால் அவர்கள் கண்ணையும் பரிசோதித்துவிடுங்கள், மாறுகண் இல்லாத பிள்ளையிடம் இது வெளியில் பார்த்தால் தெரியவே தெரியாது.